போனில் வாசிப்பதா, லில்லி பாண்ட் பழைய புத்தகமா?

மூன்று வருஷமாக ஒரு புத்தகத்தையும் முழுசாக முடிக்காதவன் நான், இந்த மாதம் ரெண்டு முடித்தேன்.

போனில் படித்தது புதுமைப்பித்தன் கதைகள். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம் 1998-இலிருந்தே தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது, இறக்கி வைத்துக்கொண்டால் நெட்டும் வேண்டாம், விம்கோ நகரில் மெட்ரோ ஏறி ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடியே ஒரு கதை முடித்துவிடலாம். ஆனால் தண்டையார்பேட்டை வருவதற்குள் குடும்பக் குரூப்பில் நாலு குட் மார்னிங் வந்து விழும், அப்புறம் எங்கே கதை!

தாளில் படித்தது சென்னை சென்ட்ரல் பக்கம் லில்லி பாண்ட் வளாகத்தில் வாங்கிய பழைய நாவல். 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்த பிறகு பழைய புத்தகக் கடைகள் வந்து சேர்ந்த இடம். அட்டை கிழிந்தது, ஐம்பது சொன்னார், நாற்பதுக்கு முடிந்தது. உள்ளே மடித்த பஸ் டிக்கெட், ஓரத்தில் பென்சிலால் 'பொய்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். முன்பின் தெரியாத அந்த ஆளோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே மொட்டை மாடியில் இருட்டும்வரை படித்தேன். கடைசி ரெண்டு பக்கம் இல்லை, அது வேறு கதை.

பயணத்துக்கு போன் சரி. ஞாயிற்றுக்கிழமைக்குத் தாள்தான். நாவல் இப்போது பெரம்பூர் அக்காவிடம் இருக்கிறது, முடிவை அவளே சொல்லட்டும்.