மழைத் தரவுக்கு ஆர் மென்பொருளின் ஒப்டிம்: ஒரு மதிப்புரை

மலையகத் தோட்டங்களில் மழைமானியைக் காலையில் பார்த்து அளவை மில்லிமீற்றரில் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. அத்தகைய அன்றாட மழையளவுக்குக் காமா பரம்பலை (நேர் எண்களுக்குரிய, வலப்பக்கம் வால் நீண்ட நிகழ்தகவுப் பரம்பல்) பொருத்தி, அதன் வடிவம், வீதம் ஆகிய இரு பரமானங்களையும் மதிப்பிட வேண்டிய மாணவர்களை மனத்திற்கொண்டு, புள்ளிவிபரக் கணிப்புக்கான ஆர் (R) மென்பொருளில், ஒரு கணியத்தை மிகச் சிறிதாக்கும் பரமானங்களைத் தேடித் தரும் ஒப்டிம் (optim) என்னும் சார்பைப் பற்றி எழுதுகிறேன். ரொஸ் இஹாக்காவும் ரொபர்ட் ஜென்டில்மனும் ஒக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய ஆர், 2000ஆம் ஆண்டில் 1.0.0 பதிப்பாக வெளிவந்தது. அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை; ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாத நேரத்திலும் பழைய மடிக்கணினியிலும் இயங்கும். லயன் அறையிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு இது சிறிய விடயமன்று.

கையிலுள்ள தரவு கிடைப்பதற்கான சாத்தியத்தை மிகக் கூடுதலாக்கும் பரமானத்தைத் தேடுவதே, ஆர். ஏ. பிஷர் 1922இல் விரித்துரைத்த மீப்பெரு சாத்தியக்கூறு முறையாகும். அடுக்குக்குறிப் பரம்பலுக்கு விடை கையாலேயே வந்துவிடும். அதன் வீதம் இடையின் (சராசரியின்) தலைகீழ். காமாவின் வடிவப் பரமானத்துக்கு அப்படியொரு சூத்திரம் இல்லாததால் கணினிதான் படிப்படியாகத் தேட வேண்டும். ஒப்டிம் இயல்பாகச் சிறுமத்தையே தேடுவதால், மடக்கைச் சாத்தியக்கூற்றைக் கழித்தல் குறியுடன் கொடுப்பது நல்லது. அப்போது ஹெசியன் தாயத்தின் (சார்பின் வளைவைக் காட்டும் இரண்டாம் வகையீடுகளின் அட்டவணை) நேர்மாறிலுள்ள மூலைவிட்ட உறுப்புகளின் வர்க்கமூலமாக, மதிப்பீட்டின் நிச்சயமின்மையைச் சொல்லும் நியம வழுவும் கிடைக்கும்.

முதலில் இடறுவது மழை பெய்யாத நாளின் பூச்சியம். வடிவப் பரமானம் 1ஐ விடக் கூடினால் காமாவின் அடர்த்தி அங்கே பூச்சியமாகவும், குறைந்தால் முடிவிலியாகவும் போய்விடுகிறது. மடக்கை எடுத்ததும், தொடக்கப் பெறுமானத்திலேயே சார்பைக் கணிக்க முடியவில்லை என்று ஒப்டிம் நின்றுவிடும். இது மென்பொருளின் குறையன்று. மழை பெய்வதற்கான நிகழ்தகவையும், பெய்த நாட்களின் அளவையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும். அதேவேளை, தென்மேல் பருவமழை கொட்டும் வட்டவளைத் தரவையும் வடகீழ்ப் பருவமழையை நம்பியிருக்கும் பதுளைத் தரவையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால் அது மறுப்பின்றி ஒரு விடையைத் தரும். அந்த விடை இரண்டு ஊருக்கும் உரியதாக இராது.

என் பெரிய மனக்குறை வேறு. தேடல் ஒழுங்காக முடிந்ததா என்பதைக் கொன்வேர்ஜன்ஸ் (convergence) என்ற குறியீடு சொல்கிறது: 0 என்றால் முடிந்தது, 1 என்றால் சுற்றுகளின் எல்லை, அதாவது இயல்பான நெல்டர்-மீட் முறையில் 500, தீர்ந்துவிட்டது, 10 என்றால் அம்முறை தேடலுக்கு நகர்த்தும் புள்ளிகளின் உருவமே (இரு பரமானங்களுக்கு ஒரு முக்கோணம்) சிதைந்துவிட்டது. மதிப்பீடோ எல்லா நிலைகளிலும் ஒரே தோற்றத்தில் முதலில் அச்சாகிறது, எச்சரிக்கை எதுவும் வருவதில்லை. மேலேயுள்ள இரு எண்களை மட்டும் எடுத்து ஆய்வேட்டில் ஒட்டுபவர்களை இது காப்பாற்றாது. 0 வந்தாலும், வேறு தொடக்கங்களிலிருந்து ஓட்டி அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். நல்ல தொடக்கத்துக்கு இடையின் வர்க்கத்தை மாறற்றிறனால் (நியம விலகலின் வர்க்கத்தால்) வகுத்து வடிவத்தையும், இடையை மாறற்றிறனால் வகுத்து வீதத்தையும் எடுக்கலாம். பரமானங்களின் மடக்கையைத் தேடவிட்டால் மறைப் பெறுமானங்களுக்குள் வழுக்கும் தொல்லையும் தீரும்.

இவ்வளவையும் எழுத விரும்பாதவர்களுக்கு ஆரின் மாஸ் (MASS) பொதியிலுள்ள, பரம்பலைத் தானே பொருத்தித் தரும் பிட்டிஸ்டர் (fitdistr) என்ற சார்பு போதும். காமாவுக்கான தொடக்கத்தை அதுவே கண்டுகொண்டு, நியம வழுவையும் சேர்த்துத் தருகிறது. ஆயினும் ஒப்டிமில் ஒருமுறையேனும் சாத்தியக்கூற்றைச் சொந்தமாக எழுதிப் பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். இன்னொன்றையும் கவனியுங்கள்: செவ்வன் பரம்பலுக்குப் பிட்டிஸ்டர் தரும் நியம விலகல், ஆரின் வழமையான எஸ்டி (sd) சார்பு தருவதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். முன்னையது அவதானிப்புகளின் எண்ணிக்கையாலும் பின்னையது அதில் ஒன்று குறைத்தும் வகுப்பதே காரணம். எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதை அட்டவணையின் கீழ் எழுதிவிடுங்கள்.