எரியும் பனிக்காடா, பரதேசியா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல எனக்குத் தெரிஞ்ச தமிழ் வீடுகள்ல பரதேசி படம் பாத்தவங்க நிறைய, அதுக்கு மூலமான நாவலைப் படிச்சவங்கதான் ரொம்பக் கம்மி. பாலாவோட படம் வந்தது 2013ல. நாவல் 1969லயே வந்துருச்சு, வால்பாறைப் பக்கம் தேயிலை எஸ்டேட்ல டாக்டரா வேலை பாத்த பி.எச்.டேனியல் 'ரெட் டீ'ன்னு இங்கிலீஷ்ல எழுதினது, இரா.முருகவேள் தமிழ்ல கொண்டுவந்ததுதான் எரியும் பனிக்காடு.

படத்தோட பலம் செழியனோட கேமரா. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி பின்னாடி ஊரே மூட்டை முடிச்சோட நடக்குது, நடக்குது, நடந்துகிட்டே இருக்கு, வழியில ஒருத்தன் சுருண்டு விழுறான், அவனை அப்படியே போட்டுட்டு மத்தவங்களை இழுத்துட்டுப் போறாங்க, அதைப் பாத்துட்டு எனக்கு அன்னிக்கு சோறு இறங்கல. தப்பிச்சு ஓடுற ஹீரோ ராசாவைப் பிடிச்சுட்டு வந்து கால் நரம்பை வெட்டுறதும் அப்படித்தான். அந்த வலியை உடம்புல ஏத்துறதுல நாவலை விட படம் ஒரு படி மேலதான்.

ஆனா இந்த ஜனங்க ஏன் மாட்டினாங்க, ஏன் வெளிய வர முடியலங்கிறதுக்கு நாவல்தான். படத்துல ராசா தன் காதலி அங்கம்மாவை ஊர்ல விட்டுட்டுத் தனியா போறான், நாவல்ல கருப்பனும் வள்ளியும் ஜோடியாவே மலையேறுறாங்க, அதனால தொழிலாளிங்க தங்கற லைன் வீட்டுக் குளிரு, அட்டைக்கடி, மலேரியா, பொம்பளைங்க மேல விழுற கண்ணு எல்லாத்தையும் ஒரு குடும்பத்துக்குள்ள இருந்தே பாக்கறோம். முன்பணம்னு கையில குடுத்த காசு எப்படி கடனா மாறி வருஷாவருஷம் கழுத்தைப் பிடிக்குதுங்கிறது படத்துல கணக்குத் தீர்க்கற சீன்ல நல்லாவே வந்திருக்கு, ஆனா நாவல்ல அதுதான் கதையோட முதுகெலும்பே.

நமக்கு இது முக்கியம். 1860ல மெட்ராஸ்லேருந்து ட்ரூரோ கப்பல்ல வந்தவங்களும் அவங்க பின்னாடி வந்தவங்களும் டர்பன் இருக்கற இந்த நேட்டால் கரும்புத் தோட்டத்துல உழைச்சது அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல, இங்க கங்காணி முன்பணம் இல்ல, அது வேற முறை. ஆனா ஒப்பந்தம் முடிஞ்சவங்க மேல மூணு பவுண்டு வரியைப் போட்டு, கட்ட முடியாதவங்களை மறுபடியும் தோட்டத்துக்கே தள்ளினாங்களே, அந்தக் கணக்கை யோசிச்சுட்டு நாவலைப் படிச்சுப் பாருங்க.

படத்துல என்னால மன்னிக்க முடியாதது அந்த டாக்டர். நாவல்ல வர்ற டாக்டர் ஆபிரகாம் ஜனங்க செத்துப் போறதைப் பொறுக்காம நிர்வாகத்தோட மல்லுக்கட்டுறவர். படத்துல வர்றவரு ஆடிப்பாடி ரொட்டி குடுத்து மதம் மாத்துற ஆளு. டேனியலே கிறிஸ்தவர், தோட்டத் தொழிலாளிகளுக்கு சங்கம் வைக்கப் பாடுபட்டவர், அவரோட புத்தகத்துலேருந்து எடுத்த படத்துல இப்படிப் பண்ணினது பெரிய அநியாயம். இங்க டர்பன்ல நம்ம ஜனங்க நிறைய இருக்கற சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரே குடும்பத்துல அண்ணன் காவடி எடுப்பான், தம்பி சர்ச்சுக்குப் போவான், ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அந்தப் பாட்டை எப்படிப் பாப்பாங்க சொல்லுங்க.

ஒண்ணுதான் முடியும்னா நாவலை எடுங்க. தமிழ் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் மூலமே இருக்கு, சப்டைட்டில் பாத்து அரைகுறையா புரிஞ்சுக்க வேண்டியதில்ல. படத்தை அதுக்கப்புறம் பாக்கட்டும், சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும் வேண்டாம்.