‘கோன் 6–10’ மண்ணுடன் மூன்று ஆண்டுகள்

மின்சூளையின் கம்பிச்சுருள்களை மாற்றி முடித்த அன்றே, அக்கரைப்பற்றில் புதிதாகச் சக்கரம் வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர் அழைத்து, நான் கல்லடியில் மூன்று ஆண்டுகளாக வனைந்துவரும் வெள்ளை ஸ்டோன்வெயார் மண்ணை, அதாவது உயர்சூட்டில் கல்போல இறுகும் மண்ணைத், தானும் வாங்கலாமா என்று கேட்டார். வாங்குங்கள் என்றுதான் சொன்னேன்; தொலைபேசியை வைத்த பிறகே கோபம் வந்தது.

சக்கரத்தில் இந்த மண்ணைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. ஒன்றரைக் கிலோ உருண்டையைப் பத்து அங்குலத்துக்கு உயர்த்தினாலும் இடுப்புத் தளராது. கச்சான் வீசும் ஆடி மாதத்தில் மற்ற மண்களில் கைப்பிடி ஒட்டிய இடம் மறுநாளே பிளந்துவிடும். இதிலோ ஈரத்துணி போர்த்த மறந்த கோப்பைகள்கூடத் தப்பியிருக்கின்றன.

என் வழக்கு பையில் அச்சிட்டிருக்கும் ‘கோன் 6–10’ என்ற வரியோடுதான். கோன் என்பது சூட்டை அறியச் சூளைக்குள் வைக்கும் சிறு கூம்பு; தன் எண்ணுக்குரிய சூட்டில் அது வளையும். கோன் 6 ஏறத்தாழ 1220 பாகை செல்சியஸ், கோன் 10 ஏறத்தாழ 1290 பாகை. ஆறில் முதிர்ந்து இறுகும் மண் பத்தில் உப்பிச் சரியும். பத்தில் முதிரும் மண் ஆறில் நீர் குடிக்கும். இது இரண்டாவது வகை; நான் சுடுவதோ ஆறில். மாமிக்குக் கொடுத்த பூச்சாடி அவருடைய தேக்கு மேசையில் ஓர் இரவு நின்றதில், அடியில் பொலிஷ் வெளுத்து வட்டமாகிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை; அடுத்தமுறை போனபோது சாடியின் கீழே ஒரு சாப்பாட்டுத் தட்டு இருந்தது.

கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சுப் பூசாமல் சுட்ட துண்டொன்றை நிறுத்தேன்: 200 கிராம். இரண்டு மணிநேரம் அவித்து, அதே நீரில் ஒரு நாள் ஊறவிட்டு, துடைத்து நிறுத்தபோது 209. நான்கரை வீதம்! தேநீர்க் கோப்பைக்கு இரண்டு வீதத்தைத் தாண்டுவதே எனக்குப் பிடிக்காது. துளைகளை உருகி அடைக்கவேண்டிய பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் கோன் 10க்கென அளந்து சேர்க்கப்பட்டது. ஆறில் அது அரைகுறையாகவே உருகுகிறது. கிளேஸ் காப்பாற்றும் என்று நம்பவும் முடியாது, ஏனெனில் மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தாலே போதும், நீர் உள்ளே இறங்கி, கிளேஸ் இல்லாத அடிவிளிம்பால் கசிந்துவிடும்.

தயிர்ச் சட்டிக்கு நீர் குடிப்பதுதான் அழகு. நம்மூர் எருமைத் தயிர் இறுகுவதில் அந்தச் சட்டிக்கும் பங்குண்டு. ஆனால் சட்டி விற்பவர் எவரும் அது கசியாது என்று சீட்டு ஒட்டி விற்பதில்லை.

உச்ச வெப்பத்தில் அரைமணி நேரம் நிறுத்திப் பார்த்தேன். சாட்சிக்கு வைத்த ஆறாம் கோன் முற்றாகப் படுத்துவிட்டது, உறிஞ்சல் மூன்றே முக்கால் வீதத்துக்குத்தான் இறங்கியது. அந்த அரைமணி நேரங்களை ஓர் ஆண்டு சுமந்த கம்பிச்சுருள்கள்தான் இப்போது குப்பையில் கிடக்கின்றன. நியாயமாகச் சொன்னால், விளக்கும் சிற்பமும் செய்பவருக்கு இந்த மண்ணில் ஒரு குறையும் இல்லை. பத்துக்குச் சுடக்கூடிய எரிவாயுச் சூளை வைத்திருப்பவருக்கு அது பொன்னாகவும் இருக்கலாம்.

நண்பரை மறுபடி அழைத்து, கோப்பை செய்வதானால் ஒரே கோன் எண் போட்ட பையை எடுங்கள், முதற் பானைக்கு முன் ஒரு துண்டைச் சுட்டு, ஊறவைத்து நிறுத்துப் பாருங்கள், இதை வாங்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பின்விறாந்தையில் அதே மண் இன்னும் இரண்டு பை கிடக்கிறது, கடந்த வாரம் வந்திறங்கியவை. அதை அவரிடம் சொல்லவில்லை.