ஸ்ட்ராட் மாடல் கிட்டார்: சில வருட செட்டப் அனுபவம்

ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) மாடலில் வரும் மலிவு விலை எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றைச் சென்னையில் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். புதிதில் எஃப் பார் கார்டு (ஒரு விரலைக் குறுக்கே வைத்து எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்துவது) பிடித்தாலே மணிக்கட்டு கடுக்கும். இப்போது எவ்வளவு நேரம் வாசித்தாலும் கை நோவதில்லை. பிக்அப், ட்யூனர் எதையும் மாற்றவில்லை. எல்லாம் செட்டப்தான், அதாவது இருக்கும் பாகங்களையே சரியான அளவுக்கு அமைப்பது.

ஆக்‌ஷன் (ஸ்ட்ரிங் ஃப்ரெட்போர்டுக்கு மேல் நிற்கும் உயரம்) என்றதும் பலரும் நேராகச் சேடிலை (ப்ரிட்ஜில் ஸ்ட்ரிங் அமரும் துண்டு) இறக்குகிறார்கள். முதலில் நெக்கின் வளைவைப் பாருங்கள். ட்யூன் செய்துவிட்டு, ஆறாவது ஸ்ட்ரிங்கை (தடிமனானது) முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தினால், 8வது ஃப்ரெட் மேல் சுமார் கால் மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டாம். அதன் பிறகுதான் சேடில்: 17வது ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் 1.6 மி.மீ. உயரத்தில் நிற்பது எனக்குத் தோதாக இருக்கிறது.

என் கிட்டாரின் உண்மையான கோளாறு நட்டில் (நெக்கின் மேல் முனையில், ஸ்ட்ரிங் அமரும் பள்ளங்கள் உள்ள சிறு பட்டை) இருந்தது. மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட் மேல் பார்த்தால், மெல்லிய காகிதம் நுழையும் இடைவெளி போதும். என் கிட்டாரில் விசிட்டிங் கார்டே நுழைந்தது. எஃப் பிடிக்க வலித்ததும், ட்யூனர் சரி என்று காட்டியும் ஓப்பன் கார்டுகளில் (சில ஸ்ட்ரிங்குகளை அழுத்தாமல் வாசிப்பவை) ஸ்ருதி ஏறி ஒலித்ததும் இதனால்தான். ஸ்ட்ரிங்கை அவ்வளவு தூரம் கீழே அழுத்தும்போது அது இழுபடுகிறது. சேடிலை எவ்வளவு இறக்கினாலும் இது தீராது.

நட் வேலையை மட்டும் நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்துவிடுங்கள் என்பேன். பள்ளம் ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி) பக்கம் சரிவாக இருக்க வேண்டும்; ஸ்ட்ரிங் அமரும் இடம் ஃப்ரெட்போர்டு பக்க விளிம்பாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓப்பன் ஸ்ட்ரிங் சித்தார் போல இரையும். அரத்தால் ஒரு இழுப்பு கூடிப்போனால் நட்டையே மாற்ற வேண்டியதுதான். ட்யூன் செய்யும்போது ஜி ஸ்ட்ரிங்கில் ‘டிக்’கென்று சத்தம் வந்தால், பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துப் பாருங்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இன்டோனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் ஸ்ருதி சரியாக நிற்பது) பார்ப்பது கடைசியில், புது ஸ்ட்ரிங்கில் மட்டும். 12வது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். நம் ஊர் வியர்வைக்கு ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் துடைத்து வைப்பது நல்லது. மழைக்காலத்திலும் ஏசி அறையிலும் நெக் ஒரே மாதிரி நிற்காது, பருவம் மாறும்போது ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

ஒரு குறை பாக்கி. 14வது ஃப்ரெட் கொஞ்சம் எழும்பி நிற்பதால், 13ல் பெண்ட் செய்தால் (ஸ்ட்ரிங்கைப் பக்கவாட்டில் தள்ளினால்) சுரம் அடைத்துப்போகிறது. இது செட்டப்பில் தீராது, ஃப்ரெட் லெவலிங் (ஃப்ரெட்டுகளைத் தேய்த்து ஒரே மட்டமாக்குவது) வேண்டும். அடுத்த ஸ்ட்ரிங் மாற்றத்தோடு அதையும் செய்யக் கொடுக்கிறேன்.