பத்துக்குப் பன்னிரண்டு பட்டறை: தூசியை எதில் பிடிப்பது, உளியை எங்கே வைப்பது?

என் மரவேலைப் பட்டறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. வீட்டை ஒட்டிய பழைய கார் ஷெட். ஊர் தூத்துக்குடி என்பதால் உப்புக் காற்று ஜன்னல் வழியாக நேரே உள்ளே வரும். ஓர் உளியை மேஜையில் மறந்து வைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து எடுத்தால் அதன் முதுகில் செம்புள்ளி விழுந்திருக்கும். மரத்தூள் படிந்த இடத்தில்தான் அந்தப் புள்ளி முதலில் வருகிறது. தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்ட வைத்துக்கொள்கிறது. கருவிகளை எங்கே வைப்பது, தூசியை எப்படிப் பிடிப்பது என்ற இரண்டையும் தனித்தனியாக யோசித்து இரண்டு மழைக்காலம் வீணாக்கினேன். முதலில் தூசி, அதற்கு ஏற்றபடி அடுக்கு என்று வரிசையை மாற்றிய பிறகுதான் பட்டறை ஒழுங்குக்கு வந்தது.

மரத்தூளைச் சாதாரணக் குப்பையாக நினைக்க முடியாது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-இலேயே அதைச் சேர்த்துவிட்டது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை. மூக்குக் குழியும் சைனஸ் அறைகளும்தான் அதிகம் பாதிக்கப்படும் இடங்கள். இழைப்புளி தள்ளும் சுருள் காலடியில் விழும், கூட்டி அள்ளிவிடலாம். மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் சாண்டரும், விளிம்பையும் பள்ளத்தையும் செதுக்கும் ரவுட்டரும் கிளப்பும் 10 மைக்ரானுக்குக் குறைந்த தூள் மணிக்கணக்கில் காற்றிலேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அதைத்தான் நாம் பிடிக்க வேண்டும்.

வேக்குவமா, டஸ்ட் கலெக்டரா?

வேக்குவம் கிளீனர் கொஞ்சம் காற்றை மிகுந்த விசையோடு இழுக்கும். நிமிடத்துக்கு 100 கன அடியை ஒட்டிய காற்று, தண்ணீர்த் தூண் கணக்கில் (இழுவை தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்கும் என்ற அளவு) 60 அங்குலத்துக்கு மேல் அழுத்தம். 35 மில்லிமீட்டர் குழாய்க்கு இது பொருத்தம். பெரிய இயந்திரங்களின் தூளை அகலக் குழாயில் இழுக்கும் டஸ்ட் கலெக்டர் இதற்கு நேர் எதிர். 4 அங்குலக் குழாயில் தூள் படியாமல் ஓட வேண்டுமானால் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 4,000 அடி இருக்க வேண்டும். அதாவது நிமிடத்துக்குச் சுமார் 350 கன அடி காற்று. இதை அது தாராளமாகத் தரும். ஆனால் அழுத்தம் 10 அங்குல அளவுதான். அதன் வாயில் விட்டத்தைக் குறைக்கும் இணைப்பான் ஒன்றைப் போட்டுச் சாண்டரின் மெல்லிய குழாயை மாட்டினால் மூச்சுத் திணறி நின்றுவிடும். ஒரே இயந்திரத்தில் இரண்டு வேலையையும் முடித்துவிடலாம் என்று வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே, டேபிள் ரம்பமும், பலகையின் தடிமனைச் சீராக்கும் திக்னஸ் பிளேனரும் வைத்திருப்பவருக்கு டஸ்ட் கலெக்டர் வேண்டும். சாண்டர், ரவுட்டர், கைச் சர்குலர் ரம்பம் என்று என்னைப் போல வேலை செய்கிறவருக்கு வேக்குவம் போதும். கலெக்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலிவான மாடல்களோடு வரும் 30 மைக்ரான் துணிப்பை பெரிய தூளை மட்டும் வைத்துக்கொண்டு நுண்தூளை அறைக்கே திருப்பி ஊதும். அதற்கு இயந்திரம் இல்லாமலே இருக்கலாம். வாங்குவதென்றால் 1 மைக்ரான் பையோ மடிப்பு வடிகட்டியோ சேர்த்து வாங்குங்கள்.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 1,400 வாட் வேக்குவமும் 1,200 வாட் ரவுட்டரும் சேர்ந்து ஓடினால் 11 ஆம்பியர் தாண்டும். 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு இழுப்பது ஆபத்து. 16 ஆம்பியர் லைன் தனியாக இழுத்துக்கொண்ட பிறகே இதில் இறங்கினேன்.

வாளியும் விசிறியும்

வேக்குவத்துக்கும் கருவிக்கும் நடுவே சைக்ளோன் என்ற தூள் பிரிப்பான் ஒன்றை வைப்பதுதான் நான் செய்த செலவுகளில் மிகப் பயனுள்ளது. சுழலும் காற்று தூளைச் சுவரோரம் தள்ள, பெரும்பகுதி கீழே வாளியில் விழுந்துவிடும். அது இல்லாத நாளில் அரை மணி நேரம் தேய்த்தாலே வடிகட்டி அடைத்து இழுவை பாதியாகிவிடும். கூம்பு வடிவில் கடையில் கிடைப்பது ஒன்று, ஃபில் தியன் என்ற அமெரிக்கரின் தடுப்பு முறைப்படி நாமே மூடிக்கு அடியில் பலகை வெட்டிச் செய்வது ஒன்று. நுண்தூளுக்குக் கூம்புதான் மேல். உயரம் குறைவான இடத்துக்கும் குறைந்த செலவுக்கும் தியன் தடுப்பு நல்லது. எதைச் செய்தாலும் மூடியில் சிறு கசிவுகூட இருக்கக் கூடாது. கீழே படிந்த தூளை அந்தக் கசிவு திரும்ப எழுப்பிவிடும். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் தடித்ததைத் தேடி எடுங்கள். குழாய் அடைத்த நேரத்தில் என் முதல் வாளி உள்பக்கமாக ஒடுங்கி விரிசல் விட்டது.

மிச்சம் மிதக்கும் தூளுக்குக் குளிர்நாட்டுக்காரர்கள் கூரையில் காற்று வடிகட்டிப் பெட்டி தொங்கவிடுகிறார்கள். சூடாக்கிய காற்றை வெளியே விட அவர்களுக்கு மனம் வராது. நமக்கு அந்தக் கவலையே கிடையாது. ஒரு சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன், எதிர்ச்சுவரில் திறந்த ஜன்னல், இரண்டுக்கும் நடுவே வேலை மேஜை. நம் ஊருக்கு இதுவே அந்தப் பெட்டியைவிட நல்ல வழி. வேலை முடிந்தும் கால் மணி நேரம் ஓடவிடுகிறேன். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காயும் நேரத்தில் மட்டும் சாண்டரைத் தொடுவதில்லை.

குழாய் இணைப்பான்கள் பற்றிச் சுருக்கமாக. ஒரு நிறுவனத்தின் வாய் இன்னொன்றின் குழாய்க்குப் பொருந்தாது. படிப்படியாக விட்டம் மாறும் ரப்பர் இணைப்பான் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இழுத்து மாட்டுங்கள், காற்றுப் புகாமல் கச்சிதமாக நிற்கும். பி.வி.சி. குழாயைச் சூடாக்கி விரிக்கும் வழியும் உண்டு. அதை வெளியில் வைத்துச் செய்யுங்கள், கருக விடாதீர்கள், அந்தப் புகை கெடுதல்.

சுவரா, இழுப்பறையா?

துளைகளில் கொக்கி மாட்டும் பெக் போர்டு பலகை பார்க்க அழகு. ஆனால் கொக்கி ஒவ்வொரு முறையும் கருவியோடு கையில் வந்துவிடும். மலிவான ஹார்டுபோர்டு வகை மழைக்காலத்தில் ஊதி வளையும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை 45 பாகையில் சீவிய சட்டங்களைச் சுவரில் ரால் பிளக் போட்டு முடுக்கி, அதே சாய்வுள்ள தாங்கியை மேலே கொளுவும் பிரெஞ்சு கிளீட் முறை எனக்குப் பல மடங்கு மேலாகத் தெரிகிறது. ஆணியைத் தொடாமலே தாங்கிகளை இடம் மாற்றலாம், கனமான ட்ரில்லும் அசையாமல் தொங்கும். வேலைக்கு நாலு நாள் பிடிக்கும் என்பது மட்டும்தான் குறை.

ஆனால் சுவரில் எல்லாவற்றையும் மாட்டாதீர்கள். எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், ஐம்பது வருடமாக ஆசாரி வேலை. என் சுவரில் வரிசையாக நின்ற உளிகளைப் பார்த்து, "தம்பி, வாய் உள்ள சாமானை வெளியே காட்டாதீங்க, எண்ணெய்த் துணியில சுத்தி வைங்க" என்றார். வாய் என்று அவர் சொன்னது வெட்டும் கூர் முனையை. அன்றே உளி, இழைப்புளி, மூலைமட்டம் எல்லாம் இழுப்பறைக்குப் போயின. இழைப்புளிகளுக்கு அடியில் தையல் மெஷின் எண்ணெய் நனைத்த துணி, மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம். சுத்தியல், கொட்டாப்புளி, கிளாம்ப், பிளாஸ்டிக் உடல் கொண்ட மின்கருவிகள் மட்டும் சுவரில் இருக்கின்றன. கிளாம்பில் கொஞ்சம் துரு வந்தாலும் வேலை கெடாது. உளியின் வாயில் வந்தால் ஒரு மணி நேரம் சாணைக்கல்லோடு உட்கார வேண்டும்.

திறந்த அலமாரியை நான் சிபாரிசு செய்யவில்லை. தூசிக்கு அதைப் போல வசதியான இடம் வேறு இல்லை.

சக்கரம் வைத்த பெட்டி ஒன்றில் வேக்குவத்தைக் கீழேயும் சைக்ளோன் வாளியை மேலேயும் ஏற்றியிருக்கிறேன். குழாய் தரையில் கிடந்த காலத்தில் சின்ன வெட்டுதானே என்று அதை மாட்டாமலே ரம்பத்தை ஓட்டிவிடுவேன். இப்போது குழாயின் நுனி சாண்டருக்குப் பக்கத்துத் தாங்கியில், கை நீட்டினால் எட்டும் இடத்தில் தொங்குகிறது. என்.95 முகமூடிக்கு ரவுட்டரின் சுவிட்சுக்கு நேர் மேலே ஒரு கொக்கி. அதை எடுக்காமல் சுவிட்சைத் தொட முடியாது.