உப்புக்கறை பிடித்த முன்கண்ணாடியும் 640 ரூபாய் பாலிஷ் கிட்டும்

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்ககத்து போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 1,600க்கு மேல் காட்டும். அந்தத் தண்ணீரில்தான் கார் துடைக்கிற தம்பி ஐந்து வருடமாக என் வேகன்ஆரைக் குளிப்பாட்டினான். அவனையும் குறை சொல்ல முடியாது, காலை ஏழரைக்குள் பதினான்கு கார் முடிக்க வேண்டும். துடைத்தும் துடைக்காமலும் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். மீதியை வெயில் காயவைக்கும். தண்ணீர் ஆவியாகிவிடும், சுண்ணாம்பு கண்ணாடியிலேயே தங்கிவிடும்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மாம்பாக்கம் சாலையில் நல்ல மழை. எதிரே வந்த லாரி லைட் அடித்ததும் கண்ணாடி முழுக்க மோர் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. சாலையின் ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் கிளம்பினேன்.

பாலிஷ் போட்டுத்தர ஒரு கடையில் 2,500 கேட்டார்கள். ஆன்லைனில் கிட்டாக 640 ரூபாய்க்குக் கிடைத்தது: நூறு கிராம் சீரியம் ஆக்சைடு பொடி, தேய்க்க மூன்று ஃபெல்ட் பேட் (கம்பளி மாதிரி அழுத்திய துணி வட்டு), டிரில் மிஷினில் மாட்ட ஒரு வட்டத் தட்டு. பொடி இளஞ்சிவப்பாக, சத்துமாவு மாதிரி இருக்கும். மூக்குக்கண்ணாடி வில்லைக்கும் டெலஸ்கோப் ஆடிக்கும் மெருகேற்றுகிற அதே சரக்குதான்.

பொடியைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று செய்தேன். பாத்திரம் தேய்க்கிற லிக்விடால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு, வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, டிஷ்யூவை நனைத்துக் கண்ணாடியில் பத்து நிமிடம் ஒட்டிவைத்தேன். புதிதாகப் படிந்த புள்ளிகளெல்லாம் அதிலேயே போய்விட்டன. பாதி வேலை இருபது ரூபாய் வினிகரில் முடிந்தது என்பதை கிட்டோடு வந்த காகிதத்தில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. பெயின்ட்டில் வழிகிற வினிகரை மட்டும் உடனே கழுவிவிட வேண்டும்.

பழைய கறைக்குத்தான் பொடி. மோரை விடக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, ரப்பர் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டி, பானட் மேல் பழைய வேட்டியைப் போர்த்தினேன். டிரில்லை முதலில் வேகமாக வைத்தது என் தப்பு. சட்டை, தூண், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் எல்லாம் இளஞ்சிவப்பு. அப்புறம் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை நான்கு கட்டமாகப் பிரித்துக்கொண்டு, கட்டத்துக்குக் கால்மணி நேரம் தேய்த்தேன். பொடி காயக்கூடாது, ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும், சூடேறினால் கண்ணாடி விரிசல் விடும். வெயிலில் நிற்கிற வண்டியில் இந்த வேலையே வேண்டாம்.

இரண்டாவது பேட் பாதியில் காலை வாரிவிட்டது. வெல்க்ரோவைப் பிடித்திருந்த பசை இளகி, பேட் தனியாகப் பறந்து போய் விழுந்தது. கடைசிக் கட்டத்தை மூன்றாவது பேடைக் கையில் பிடித்துத்தான் தேய்த்து முடித்தேன். தோள் வலி இரண்டு நாள் இருந்தது.

பலன்? ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றினால் திட்டுத் திட்டாக நிற்காமல் ஒரே படலமாக இறங்குகிறது. ராத்திரி எதிர் லைட்டுக்குக் கண் கூசுவது பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் இடது பக்கம், ரப்பர் கிழிந்த வைப்பர் இழுத்த கோடு அப்படியே இருக்கிறது. நகத்தில் தட்டுப்படுகிற கீறலுக்கு இந்தப் பொடி ஒன்றும் செய்யாது. பிடிவாதமாக ஒரே இடத்தில் தேய்த்தால் அங்கே குழி விழுந்து, பார்க்கிறதெல்லாம் நெளியும். ஹெட்லைட்டில் போடலாமா என்று மச்சான் கேட்டார். அது பிளாஸ்டிக், அதற்கான பாலிஷ் வேறு.

பொடிக்கு முழு மார்க், பேடுக்குப் பூஜ்யம். இனி பொடி மட்டும் தனியாக வாங்குவேன். இப்போது வைப்பர் ரப்பர் இரண்டையும் மாற்றிவிட்டேன். கண்ணாடியை மட்டும் தொடாதே என்று தம்பியிடம் சொல்லியாயிற்று. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாளியில் பிடித்துவைத்து நானே துடைக்கிறேன், அதில் உப்பு கிடையாது. மிச்சப் பொடி சமையலறையில் இருக்கக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், ஷூ ரேக்கில் வைத்திருக்கிறேன். பின்கண்ணாடி இன்னும் பாக்கி.