டெல்லிக் குளிரில் காணாமல் போகும் யார்டுகள்: சில வருஷ அனுபவக் கணக்கு

கோல்ஃப் பந்து குளிரில் எவ்வளவு தூரம் இழக்கிறது என்பதுதான் பேச்சு, அதனால் முதலிலேயே எண்களைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் 150 யார்டு கேரி (தரையில் விழும்வரை பறக்கும் தூரம்) போகிற என் 7 அயர்ன் (நடுத்தர தூரத்துக்கான கிளப், அதாவது மட்டை), ஜனவரி காலை எட்டு மணிக்கு 138, 139இல் விழுகிறது. அதே நாள் வெயில் வந்து மதியம் ஒரு மணி ஆனதும் 145 வரை ஏறிவிடும். அதிக தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவர் 215இலிருந்து 195க்கு இறங்குகிறது. குறைந்த தூரத்துக்கான வெட்ஜில் 80 யார்டுக்கு அடிக்கிற அடி மட்டும் இரண்டு மூன்று யார்டுக்கு மேல் குறைவதில்லை. நான் ஆடுவது பெரும்பாலும் லாடோ சராயில் டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) நடத்துகிற குதுப் கோல்ஃப் கோர்ஸில். ஆர்.கே.புரத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் சட்டென்று போய்விடலாம். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் திறமை அதிகம்) 18ஐச் சுற்றி, அதனால் இது சாதாரண ஆட்டக்காரனின் கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய வேகத்தில் அடிக்கிறவர்களுக்கு இழப்பும் பெரிதாகத்தான் இருக்கும்.

இந்தப் பன்னிரண்டு யார்டு எங்கே போகிறது என்று கேட்டால் எல்லோரும் காற்றைத்தான் கைகாட்டுகிறார்கள். எங்கள் செட்டில் கரோல் பாக் காலத்துத் தமிழர் ஒருவர் இருக்கிறார். மூடுபனியைக் காட்டி, "காத்துல பூரா தண்ணி தம்பி, பந்து எப்படிப் போகும்" என்பார். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் விஷயம் நேர்மாறு. நீராவி மூலக்கூறு காற்றின் சராசரி மூலக்கூறைவிட இலேசானது, அதனால் ஈரக் காற்று அதே வெப்பநிலையில் இருக்கும் உலர்ந்த காற்றைவிடக் கொஞ்சம் அடர்த்தி குறைந்ததுதான். மூடுபனியில் மிதக்கிற தண்ணீரும் ஒரு கன மீட்டருக்கு அரை கிராம்கூடத் தேறுவது அபூர்வம், பந்தைத் தடுக்க அது போதாது. தடுப்பது குளிர். கடல் மட்ட அழுத்தத்தில் 40 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.13 கிலோ இருக்கும், 5 டிகிரியில் 1.27 கிலோ. பத்து சதவீதத்துக்கு மேல் கனத்துப்போன காற்றைக் கிழித்துக்கொண்டு பந்து போக வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, ஐந்தரை டிகிரி குறைந்தால் டிரைவரில் ஏறக்குறைய இரண்டு யார்டு போகும் என்பது. என் அனுபவத்தில் காற்றின் பங்கு அதை ஒட்டித்தான் வருகிறது.

அப்படியென்றால் ஊட்டியும் குளிர்தானே, அங்கே ஏன் பந்து பறக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்றழுத்தமே கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜிம்கானா கிளப் மைதானத்தில் அடித்தாலும் டெல்லி ஜூன் மாதத்தைவிட மெல்லிய காற்றில்தான் அடிக்கிறீர்கள். பெங்களூருக்கும் 900 மீட்டர் உயரத்தால் இதே லாபம் கொஞ்சம் உண்டு. டெல்லி 200 சொச்சம் மீட்டர், குளிருக்கு ஈடுகட்ட உயரம் கிடையாது. வேலை மாறி பெங்களூரிலிருந்து டிசம்பரில் இங்கே வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே தங்கள் ஸ்விங் (கிளப்பை வீசும் லாவகம்) போய்விட்டது என்று புலம்புவதை நிறையக் கேட்டிருக்கிறேன். ஸ்விங் எங்கேயும் போகவில்லை சாமி.

ஆனால் காற்றைக் குறை சொல்லி முடித்துவிட்டால் மீதிப் பாதி விட்டுப்போகும். பந்தும் உடம்பும்தான் அந்த மீதி, நம் கையில் இருப்பதும் அவைதான்.

பந்தின் மையம் பாலிபியூட்டடைன் என்கிற செயற்கை ரப்பர். சில்லிட்டால் விறைத்துவிடும், கிளப் முகத்தில் பட்டதும் அமுங்கித் துள்ளுகிற குணம் குறையும். ராத்திரி முழுக்கக் கார் டிக்கியில் கிடந்த பந்துகளையும் வீட்டு அலமாரியில் வைத்திருந்த பந்துகளையும் ஒரே காலையில் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்திருக்கிறேன், ஒரே மாடல், ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. டிக்கிப் பந்துகள் 7 அயர்னில் மூன்று நான்கு யார்டும் டிரைவரில் ஆறேழு யார்டும் குறைவாகப் போயின, கையில் கல்லை அடித்த மாதிரி விண்ணென்று அதிர்வு வேறு. ரப்பர் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், அதனால் மைதானத்துக்கு வந்தபிறகு பத்து நிமிஷம் பாக்கெட்டில் வைத்தால் மேல்தோல் மட்டும் சூடாகும், உள்ளே அப்படியே ஜில்லென்று இருக்கும். ஆகவே பையைக் காரில் விட்டாலும் பந்துகளை மட்டுமாவது வீட்டுக்குள் எடுத்துப்போங்கள். இந்த ஒரு பழக்கத்தால் கிடைத்த பலனை, குளிருக்கென்று காசு கொடுத்து வாங்கிய வேறெதுவும் தரவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இரும்புத் தூள் அடைத்த சூட்டுப் பொட்டலம் விற்கிறார்களே, கையைச் சூடாக்க அது தாராளமாகச் சரி. அதையே பந்தோடு சேர்த்துப் பாக்கெட்டில் போட்டு வேண்டுமென்றே பந்தைச் சூடாக்கி ஆடினால் கோல்ஃப் விதி 4.2இன்படி தகுதி நீக்கம். ஓரிரு அடியைக் கணக்கில் கூட்டுகிற ஸ்ட்ரோக் பெனால்டியோடு விடுவதில்லை, நேராக வெளியே. ஞாயிற்றுக்கிழமை நட்பு ஆட்டத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள், கிளப் போட்டி என்றால் ஜாக்கிரதை.

குளிர்காலத்துக்கு ஏற்றது என்று சொல்லி விற்கிற கம்ப்ரஷன் குறைந்த, அதாவது எளிதில் அமுங்குகிற மென் பந்துகளையும் ஒரு சீசன் முழுக்க ஆடினேன். அடிக்கும்போது கைக்கு இதமாக இருக்கிறது, அது உண்மை. தூரம்? எனக்கு ஒன்றும் கூடவில்லை. சாதாரண பந்து எவ்வளவு இழக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவே இதுவும் இழக்கிறது, அதோடு குழி இருக்கும் க்ரீனைச் சுற்றிச் சின்ன சிப் (தாழ்வான குட்டி அடி) அடிக்கும்போது எனக்குப் பந்து நிற்கவும் இல்லை. கை வலி உள்ளவர்கள் வாங்கலாம், யார்டுக்காக வாங்க வேண்டாம்.

அப்புறம் உடம்பு. கம்பளி ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட் என்று மூட்டை மாதிரி நின்றால் தோள் முழுசாகத் திரும்பாது. டிரைவரில் என் கிளப் வேகம் மணிக்கு 92 மைலிலிருந்து 88, 89க்கு வருகிறது. ஒரு மைல் வேகத்துக்கு இரண்டரை யார்டு என்று போட்டால்கூட எட்டுப் பத்து யார்டு இதிலேயே காலி. கையில்லாத பஞ்சு ஜாக்கெட்டும் உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மலும் போட ஆரம்பித்தபிறகு அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. தோளும் கையும் சுதந்திரமாக இருக்கிறது, வயிறும் முதுகும் சூடாக இருக்கிறது, வேறென்ன வேண்டும். ஆட்டத்தின் முதல் அடிக்கு முன் கால் மணி நேரம் உடம்பை அசைக்காமல், கேன்டீன் சாயைக் குடித்துவிட்டு நேராக டிரைவரை எடுப்பவர்களுக்கு எந்த உடையும் உதவாது.

கையடக்க ரேடார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் கருவி பந்தின் வேகம், கிளம்பும் கோணம் ஆகியவற்றை அளந்து, கேரி தூரத்தைக் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. அந்தக் கணக்கு ஒரு நிலையான வெப்பநிலையை வைத்துப் போடப்படுவதால், ஜனவரியில் அது காட்டுகிற 144ஐ நம்பி அடித்தால் பந்து க்ரீனுக்கு முன்னாலேயே விழும். பந்தும் உடம்பும் செய்கிற இழப்பு அதில் தெரியும், காற்று செய்கிறது தெரியாது. செட்டிங்கில் வெப்பநிலையும் உயரமும் மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லேசர் ரேஞ்ச்ஃபைண்டரால் விழுந்த இடத்தை அளந்து நீங்களே ஒரு பட்டியல் எழுதிக்கொள்வதுதான் வழி.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலையில் பனித்துளியில் ஃபேர்வே (குட்டையாக வெட்டிய புல்வெளி) நனைந்து கிடக்கும், பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும், உருளுவது என்ற பேச்சே இல்லை. ஆனால் பெர்முடா புல் குளிரில் வளராமல் பழுத்துப் படுத்துவிடுவதால், பனி காய்ந்ததும் அதே ஃபேர்வே இறுகி, கேரியில் இழந்த யார்டில் கொஞ்சத்தை உருட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை காலை ஸ்லாட்டை விட்டுவிட்டுப் பத்தரை, பதினொன்று என்று எடுக்கிறேன். மூடுபனியில் நூறு யார்டுக்கு அப்பால் பந்து எந்தப் பக்கம் போனது என்று பை சுமக்கும் கேடிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த நேரத்தில் ஆடித்தான் ஆக வேண்டும் என்றால் வெள்ளையை விட்டு ஆரஞ்சுப் பந்து எடுங்கள்.

கிளப் தேர்வில் நான் பார்க்கிற பெரிய குழப்பம், எல்லா அடிக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிளப் கூட்டுவது, அதாவது எண் ஒன்று குறைந்த, அதிக தூரம் போகிற கிளப்பை எடுப்பது. தூரம் கூடக் கூடத்தான் இழப்பும் கூடுகிறது. 150 யார்டுக்கு 7க்குப் பதில் 6 சரி, 180க்கு ஒன்றரை கிளப் வேண்டியிருக்கும், 80க்கு ஒன்றும் மாற்ற வேண்டாம். நான் காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று என இரண்டு வரிசை எண்ணை எழுதிப் பையில் ஒட்டியிருக்கிறேன். ஹோலி வருவதற்குள் அதைக் கிழித்துவிட வேண்டும். மார்ச் நடுவில் முப்பது டிகிரி தொட்டபிறகும் ஜனவரிப் பழக்கத்தில் 6ஐ எடுப்பவர்கள் க்ரீனுக்குப் பின்னால் புதருக்குள் பந்து தேடிக்கொண்டிருப்பார்கள்.